தலையணைக்குள் மாசிப்பத்திரி

தலையணை உறையைக் கழற்றி உதறியதும் காய்ந்த இலைக்கட்டு ஒன்று அவள் காலடியில் விழுந்தது.

கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். வேப்பங்காயே தேவலை என்றிருந்தது.

வீட்டில் இருப்பது இரண்டே பேர், அவளும் மாமியாரும். அவள் வைக்கவில்லை. அப்படியென்றால்?

சலவைக்கடைக்கு வேலைக்குப் போகிற வழியில் மூலிகைக்கடைக்காரரிடம் காட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மாசிப்பத்திரி என்றார். கஷாயம் குடித்தால் வயிற்றுப்பூச்சி சாகும், புகை போட்டால் கொசுவும் வராது, காத்துக்கருப்பும் அண்டாது என்று அடுக்கிக்கொண்டே போனார். தலையணைக்குள் வைத்தால் என்று அவள் இழுத்ததும் கொஞ்சம் தயங்கினார்.

"அது வெச்சவங்க மனசைப் பொறுத்தும்மா. பிடிக்காதவங்களை வீட்டை விட்டுக் கிளப்பக்கூட வெப்பாங்க."

அன்று இஸ்திரி போடும்போது இரண்டு சட்டைகளின் காலரைத் தீய்த்துவிட்டாள். முதலாளி வாய்க்கு வந்தபடி பேசினார். எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

மாமியாரா இப்படி? நேற்றுக்கூட உட்காரவைத்துத் தலைவாரிவிட்டாரே. ஒருவேளை அந்தக் கரிசனமே வழியனுப்பத்தானோ? கேட்டேவிடலாம் என்று தோன்றும். கேட்டு, ஆமாம் போய்விடு என்றால் எந்த உரிமையைச் சொல்லி இருப்பது என்று உடனே பின்வாங்குவாள்.

சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று அந்த இலைக்கட்டை நீட்டினாள்.

மாமியார் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கனவுல ஆளை வரவழைக்கும்னு சொன்னாங்க. என் தலைமாட்டுல வெச்சுப் பாத்தேன், அவன் வரல. பெத்தவகிட்ட வராட்டியும் கட்டினவகிட்ட வருவான்னுதான்..."

கால் விளங்காமல் கட்டிலோடு கிடந்து கணவன் செத்துப்போனதிலிருந்து, படுத்தால் அடித்துப்போட்டாற்போல் தூக்கம். கனவு என்று ஒன்று வந்ததேயில்லை.

"வந்தாரு அத்தை" என்றாள்.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். மகன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. தன்னைத் தேடினானா என்றும் கேட்கவில்லை.

"காலை ஊனி நடந்தானா?"

"நடந்தாரு. மாடிப்படிகூட ஏறினாரு."