கடைசி பெஞ்சுக் கூட்டாளி

“டேய்... நீ நண்டுதானே?”

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அப்பா போட்ட சத்தத்தில், உள்ளே வந்துகொண்டிருந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு ஸ்ட்ரெச்சர்களுக்கு நடுவே இருந்த சந்தில், உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பி நுழைந்துகொண்டிருந்தார் அவர். தலையில் பச்சைத் தொப்பி, நரைத்த புருவம். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற பெரிய டாக்டர்.

மகளுக்கு மானம் போனது. “அப்பா! அவர் டாக்டர்ப்பா!”

“டாக்டர் ஆனா என்ன, மந்திரி ஆனா என்ன? இந்த நடையை எங்க பார்த்தாலும் கண்டுபிடிச்சிருவேன். கடைசி பெஞ்சுல என் பக்கத்துல உக்காந்த பய!”

டாக்டர் ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கேஸ் தாளைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எப்படிடா கண்டுபிடிச்ச?”

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். படியில் வழுக்கி விழுந்ததில் அப்பாவின் கால் எலும்பு வெளியே வந்திருந்தது. பாதத்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் காலே போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். இவர் உடம்பு ஆபரேஷனைத் தாங்குமா என்று பார்க்க வந்த மனிதர், பழங்கதை பேச உட்கார்ந்துவிட்டாரே!

இத்தனைக்கும் சின்ன டாக்டர் கேட்டதற்கெல்லாம் அப்பா டாண் டாண் என்று பதில் சொல்லியாகிவிட்டது. சிகரெட்? தொடுவதே இல்லை. நெஞ்சுவலி? பேச்சுக்கே இடமில்லை. சாப்பாடு? காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

“டாக்டர், நேரமாகுது...”

“நீ கொஞ்சம் வெளிய நில்லும்மா. நாங்க பசங்க பேசிக்கறோம்.”

சர்ரென்று திரை மூடியது. அவள் அதன் ஓரத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“கணக்கு வாத்தியார் ஞாபகம் இருக்காடா?” அப்பாதான் ஆரம்பித்தார்.

“அவரை மறக்க முடியுமா!”

“திருகித் திருகியே உன் ஒரு காது பெருசாயிருச்சுன்னு கிண்டல் பண்ணுவோமே!”

“இன்னும் வலிக்குதுடா.”

அப்பா கடகடவென்று சிரித்தார். அம்மா போன பிறகு அப்படி ஒரு சிரிப்பை அவள் கேட்டதில்லை.

“இன்னும் நல்லா வாயைத் திறந்து சிரி பாப்போம். அடேய், இது சொந்தப் பல்லா, வாங்குனதா?”

“மேல் வரிசை வாங்குனது. கழட்டித் தரவா?”

“தா. தலையைப் பின்னாடி சாய்... போதும். சரி, அப்புறம்?”

“அப்புறம் என்ன, சைக்கிள் ஷெட்டுதான்! அதுக்குப் பின்னாடி ஒத்த சிகரெட்டை நாலு பேர் இழுப்போமே!”

“இப்ப மொத்தத்தையும் நீ ஒருத்தனே இழுக்கற போல?”

“மெதுவாப் பேசுடா! மக தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டு, மொட்டைமாடியில நின்னு ஊதிட்டு இருக்கேன். தினம் ஒரு பாக்கெட்.”

திரைக்கு இந்தப் பக்கம் அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“மாடி ஏற முடியுதா உனக்கு?”

“என்னடா அப்படிக் கேட்டுட்ட? தண்ணித் தொட்டி மேல குரங்கு மாதிரி ஏறுவேன், நீ கீழ நின்னு அழுவ. மறந்துட்டியா?”

“அது அப்போ. இப்போ?”

உள்ளே அப்பாவின் குரல் தாழ்ந்தது.

“எங்கடா... பாதிப் படியிலயே நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கற மாதிரி இருக்கு. கொஞ்சம் நின்னா சரியாயிருது. அவகிட்ட சொல்லிராத. வெளிநாட்டுல நல்ல வேலை கிடைச்சிருக்கு அவளுக்கு. இது தெரிஞ்சா போகமாட்டா.”

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

“சரி. கடைசியா எப்ப சாப்பிட்ட?”

“அதான் பட்டினின்னு அந்தப் பொடியன்கிட்ட சொன்னேனே.”

“என்கிட்டயுமா?”

“...விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நாலு ஜாம் பன். சுகர்னு சொல்லி இவ கண்ணுலயே காட்டறதில்லடா. பேக்கரிக்கு நைசாப் போயிட்டு வந்தேன், படி கவுத்துருச்சு.”

திரை விலகியது. வெளியே வந்த டாக்டரின் முகத்தில் சிரிப்பைக் காணோம். சின்ன டாக்டரை ஓரமாக அழைத்தார்.

“முழு மயக்கம் வேண்டாம். வயிறு நிறைய சாப்பிட்டிருக்கார். வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போனா ஆளே போயிருவார். முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மட்டும் மரக்க வைப்போம். ஹார்ட் டாக்டரையும் உடனே வரச் சொல்லு. நெஞ்சுவலியை மறைச்சிருக்கார்.”

ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்து அவர் திரும்பி வரும்வரை மகள் உட்காரவே இல்லை.

“கால் தப்பிச்சுது. ஆளும் தப்பிச்சார். உள்ளே ஓயாம பேசிட்டு இருக்கார்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “நல்லவேளை அங்கிள், நீங்க அவர்கூடப் படிச்சவரா இருந்தீங்க. வேற டாக்டர்னா செத்தாலும் உண்மையைச் சொல்லியிருக்கமாட்டார். அவசியம் வீட்டுக்கு வரணும். பழைய கதை பேச அவருக்கு இப்ப ஒருத்தருமே இல்ல.”

“கண்டிப்பா வர்றேம்மா” என்ற டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு உதவி பண்ணு. நான் எந்த ஸ்கூல்ல படிச்சேன்னு அவர்கிட்ட நைசாக் கேட்டுச் சொல்லிடு!”