கிளி விளக்கு

கரியாலூரில் செவ்வந்தி வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய, கிளி உருவம் வைத்த பழைய பித்தளைத் தொங்குவிளக்கைக் கண்டதும், பழம்பொருள் வியாபாரி ஆதிமூலத்துக்கு வாயில் எச்சில் ஊறியது. முகத்தை மட்டும் சுளித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, ஒரே களிம்பு புடிச்சிக்கினு கெடக்குது! வெலயக் கொறைச்சிக்க."

"கொறையாதுண்ணே."

"அப்ப நீயே வெச்சிக்க."

பிகு காட்டிவிட்டு டீக்கடையில் காத்திருந்தார். நினைத்தபடியே மத்தியானம் செவ்வந்தி கூப்பிட்டு அனுப்பினாள். ஓடினார்.

விளக்கு தகதகவென்று மின்னியது.

"புளி போட்டுத் தேய்ச்சிட்டேண்ணே. இப்ப இன்னா கொறை சொல்லுவீங்க?"

ஆதிமூலம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி! எங்கிட்ட வாங்கற புதுச்சேரிக்காரரு, பழசுன்னு காட்டற அந்தக் களிம்புக்குத்தானே வெல குடுக்கறாரு!"

செவ்வந்தி அவரை முறைத்தாள்.

"காலையிலயே சொல்றதுக்கு இன்னா? இன்னும் ஜாஸ்தி கேட்டிருப்பனே!"