துரைக் கரண்டியின் சிங்கம்

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், பட்டுத்துணி மெத்தையில், இங்கிலாந்து வெள்ளிக் கரண்டி ஒன்று படுத்திருந்தது. அதன் காம்பில் ஏதோ ஒரு பிரபு வம்சத்தின் முத்திரையாக, கிரீடம் வைத்த சிங்கம் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தச் சிங்கம் கொட்டாவி விட்டால் கீழ்த்தட்டுப் பீங்கான்களுக்குக் குளிர்காய்ச்சல் வரும் என்று கரண்டியே கிளப்பிவிட்டிருந்தது. சிங்கம் இருக்கும்வரைதான் மேல்தட்டு வாசம் என்பதும் அதற்குத் தெரியும். அதனால் சிங்கம் எப்போதும் பளபளக்க வேண்டுமென்று, விபூதி தொட்டுத் துடைக்கும் துணியை அது ஓயவே விடவில்லை.

“துரை, போதும். சிங்கத்தின் நாக்கு தேய்ந்துவிட்டது” என்றது துணி.

“பெரிய இடத்துச் சிங்கம் வாயைத் திறக்குமாடா? தேய்!”

கொஞ்ச நாளில், “துரை, கிரீடமும் போச்சு!”

“சொந்த வீட்டுக்குள் எவனடா கிரீடம் வைத்துக்கொள்வான்? தேய்!”

“ஐயோ துரை, தலையே போகிறதே!”

கரண்டிக்கு உள்ளூர நடுக்கம்தான். ஆனாலும் ஒரு கந்தல் சொல்லியா கேட்பது?

“எங்கள் வம்சத்தில் தலையை யாரும் அவ்வளவாக உபயோகித்ததில்லை. நீ தேய்!”

ஒருநாள் வீட்டு எஜமானி கரண்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காம்பு வழவழவென்று இருந்தது. “இதையா மேலே வைத்திருந்தோம்?” என்று சமையலறை இழுப்பறையில், எவர்சில்வர் கரண்டிகளோடு போட்டுவிட்டாள்.

“வாங்க துரை! சிங்கத்தை எங்கே காணோம்?” என்று அவை சிரித்தன.

கரண்டி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“வேட்டைக்குப் போயிருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் தள்ளிப் படுங்கள். வந்தால் அதற்குப் படுக்க இடம் வேண்டும்.”