கவர்னரின் பசி

“எனக்குப் பசிக்குது. முதல்ல சாப்பாட்டைப் போட்டுடுங்க. மத்ததெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்.”

மேடையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே அம்பலவாணன் இப்படிச் சொன்னதும் சங்கச் செயலாளர் சதக்கத்துல்லாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தோஹாவில் ஆசிய விளையாட்டு நடந்த வருஷம் அது. அங்கே தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்கு முன்னாள் கவர்னர் அம்பலவாணனே வந்திருக்கிறார். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகத் தொடங்கி, கலெக்டராகி, கடைசியில் தென் மாநிலம் ஒன்றுக்குக் கவர்னராகவும் இருந்தவர். அந்த வாழ்க்கை வரலாற்றைக் கடை வியாபாரத்துக்கு நடுவே பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தார் சதக்கத்துல்லா.

“ஐயா, உங்க வரலாறு வாசிக்கணும், நீங்க பேசணும். ஒன்பதரைக்குத்தான் சாப்பாடுன்னு அழைப்பிதழ்லயே போட்டிருக்கோம்.”

“என் வரலாறு எனக்குத் தெரியும். பசிதான் தாங்கல.”

முன்வரிசையில் கம்பெனி மேனேஜர் ரவிசங்கர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்தார்.

“ராஜ்பவன்ல வேளாவேளைக்குச் சாப்பிட்டுப் பழகின உடம்பு. பதவி போனாலும் நாக்கு போகல பாருங்க.”

அது சதக்கத்துல்லாவின் காதிலும் விழுந்தது. மானம் போனது போலிருந்தது. கோபம், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வந்து விழா வேலைக்கு ஒத்தாசையாக நின்ற பழனிச்சாமி பக்கம் திரும்பியது. வாசலில் கவர்னருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னால், கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே நின்றவன் அவன்தான்.

“ஐயாகிட்ட என்னப்பா சொன்னே? பிரியாணிய ஞாபகப்படுத்திட்டியா?”

“இல்ல பாய். எத்தன பேரு வந்திருக்கீங்க, எப்பக் கெளம்புவீங்கன்னு அவராத்தான் கேட்டாரு. கேம்ப்லேர்ந்து முப்பத்தெட்டு பேரு, பஸ்சு ஒம்பதுக்கு எடுத்துருவான்னேன். அவ்ளோதான்.”

வேறு வழியில்லை. பெரிய விருந்தாளி கை நனைக்காமல் யாரும் கை நனைக்க முடியாது. கவர்னருக்கென்று தனியாகச் செய்த சைவச் சாப்பாடு மேடைக்கே போனது. அவர் தயிர்சாதத்தில் கை வைத்ததும், கூட்டம் பிரியாணிப் பக்கம் எழுந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழனிச்சாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“வர்றோம் பாய். ஐயாவுக்குப் பசிச்சது எங்களுக்கு நல்லதாப் போச்சு. ஃபங்ஷனுக்கு வர்றவங்களுக்கு மெஸ்ல அன்னிக்குச் சாப்பாடு கெடையாது. போன வருஷம் முப்பது பேரும் வெறும் வயித்தோட போய்ப் படுத்தோம்.”

“போன வருஷமா? எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“விருந்துக்கு வந்த எடத்துல எப்படிக் கேக்கறது பாய்? அவரு நல்லா இருக்கணும். அவரு பசியும் நல்லா இருக்கணும்.”

பஸ் கிளம்பியது. சதக்கத்துல்லா மேடையைப் பார்த்தார். கவர்னரின் தட்டில் தயிர்சாதம் பிசைந்தபடியே கிடந்தது. பசி என்றவர் ஏன் சாப்பிடவில்லை? நம் சமையல் பிடிக்கவில்லை போலும் என்று வருத்தமாக இருந்தது. அதன் பிறகு வாசித்த பதினோரு பக்கத்தையும் அம்பலவாணன் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

மறுநாள் காலை, மனைவி ஜுலைஹா பீவி சுட்டுக் கொடுத்த இட்லியோடு ஓட்டலுக்குப் போனார் சதக்கத்துல்லா. கதவைத் திறந்தது கவர்னரின் மனைவி சந்திரகலா. பயண அலுப்பில் விழாவுக்கு வராதவர்.

“அவர் குளிக்கிறார். உட்காருங்க.”

“நேத்து ஐயா பசிக்குதுன்னு கேட்டு வாங்கினாங்கம்மா. ஆனா ஒரு வாய்கூடச் சாப்பிடல. எங்க சாப்பாட்டுல ஏதும் குறையா?”

“பசிக்குதுன்னாரா? அவரா?” சந்திரகலா குழப்பமாகப் பார்த்தார். “நேத்து வியாழக்கிழமையாச்சே. இருபது வருஷமா வியாழக்கிழமை ராத்திரி அவர் பச்சைத் தண்ணியைத் தவிர எதையும் தொடுறதில்லையே.”