எழுத்து மாறிய வரி

மலேசியாவின் புக்கிட் ரோத்தானில் மதிய மழை விட்டு, அத்தாவின் சாப்பாட்டுக் கடைக்குள் ஈர வெளிச்சம் வருகிறது. மூலை மேசையில் அவர் மகள் ரிஸ்வானா மடிக்கணினியின் முன் குனிந்திருக்கிறாள். பக்கத்தில் தே தாரிக் தேநீர் ஏடு படிந்து ஆறிக் கிடக்கிறது. தோட்டத்து மக்கள் ஆயிரத்து எண்ணூறு பேர் கொடுத்த ரத்தத்தில், எந்த மரபணு எழுத்து சர்க்கரை நோயைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்த்த ஆய்வு திரையில் இருக்கிறது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தான் மாற்றிய முடிவுகளைப் பழையதோடு வரிவரியாக ஒப்பிடுகிறாள். ஒரு வரியில் விரல் நின்றுவிடுகிறது. 'ஜி' என்ற எழுத்துக்கு வந்த கணக்கை அவளுடைய நிரல் 'ஏ'யின் பெயரில் போட்டிருக்கிறது. நோயைத் தடுக்கிறது என்று அவளும், சேர்ந்து ஆய்வு செய்த தோழி தனுஜாவும் கொண்டாடிய ஏ, உண்மையில் அதைக் கூட்டுகிறது. ஐந்து மணிக்குக் கட்டுரையை அனுப்பவிருக்கும் தனுஜாவைப் போனில் அழைக்கிறாள்.

“அனுப்பிடாதடி. ஏ காப்பாத்தல, கூட்டுது. என் தப்புதான்.”

“நல்லா செக் பண்ணியா?”

“மூணு தடவ.”

தனுஜா இருக்கும் ரவாங்கில் எங்கோ ஒரு லோரி ஹாரன் அடிப்பது போனுக்குள் கேட்கிறது.

“அம்மாகிட்ட வந்தது, அப்பாகிட்ட வந்தது, எனக்கு ரெண்டு எழுத்துமே ஏ தான்டி,” என்கிறாள் தனுஜா. ஆய்வுக்கு முதல் ஆளாக ரத்தம் கொடுத்தவள் அவள். ரிஸ்வானா போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொள்கிறாள்.

“பரவால்ல லா,” என்று தனுஜாவே தேற்றுகிறாள். “எல்லா வரியையும் பாத்துருவோம். நீ வாசி.”

ரிஸ்வானா திரையை மேலே நகர்த்தி, முதல் வரியை வாசிக்கத் தொடங்குகிறாள்.