ரோட்டைத் தாண்டி ஒரு டீ

"இந்த மிஷினை மட்டும் வெச்சுட்டீங்கன்னா, டீக்குன்னு ஒருத்தருகூட கேட்டைத் தாண்டி வெளிய போக வேண்டியதில்லீங்கய்யா!"

இன்று இந்த வரியை எத்தனை இடத்தில் ஒப்பித்தான் என்பது ராஜ்கமலுக்கே மறந்துவிட்டது. பட்டனை அமுக்கினால் டீ, காபி, பிஸ்கட், கடலை மிட்டாய் என்று தானே எடுத்துக் கொடுக்கும் மிஷினை விற்கிறவன் அவன். விற்கிறவன் என்பதைவிட, விற்கப் பார்க்கிறவன் என்பதுதான் பொருத்தம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மிஷினும் நகரவில்லை. இன்று ஓர் ஆர்டராவது வராவிட்டால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் செங்கோட்டையன், மிஷின் படத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

"மிஷின் டீல மணம் இருக்காதுங்க தம்பி."

"இஞ்சி, ஏலக்காய் ரெண்டுமே வருதுங்க."

"கரண்ட் போச்சுன்னா?"

"உங்ககிட்டத்தான் ஜெனரேட்டர் இருக்குதுங்களே."

"எனக்குப் பட்டன் அமுக்கவெல்லாம் தெரியாதுங்க."

மூன்று மாடி நிறையத் தையல் மிஷின்களை ஓட்டுகிறவர் சொல்கிற பேச்சா இது? ராஜ்கமல் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தான்.

"லாரி போற ரோடுங்க. டீ டைம்ல லேடீஸெல்லாம் அதைத் தாண்டித்தான் பேக்கரிக்குப் போறாங்க. உள்ளயே டீ கெடைச்சா அவங்களுக்கும் பயமில்லை, வேலையும் நிக்காது. சரக்கு வாங்கற ஃபாரின் பையருங்க ஆடிட்டுக்கு வந்தாலும் சந்தோஷப்படுவாங்க."

"வாட்ச்மேன் கொடி புடிச்சு ரோடு தாண்ட உடறானுங்க," என்றார் செங்கோட்டையன்.

டீ டைம் மணி அடித்தது. அவர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். கண்ணாடி பார்த்துத் தலையைக்கூடச் சீவினார்.

"வாங்க தம்பி, பேக்கரில ஒரு டீ குடிக்கலாம்."

டீ மிஷின் விற்க வந்தவனுக்குப் பேக்கரி டீ. ராஜ்கமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

தவசியின் பேக்கரியில் இரண்டு பக்கத்துக் கம்பெனி ஆட்களும் மொய்த்துக் கிடந்தார்கள். கூட்டத்தில், எதிர்க் கம்பெனியின் எச்.ஆர். மேடம் தேஜஸ்ரீயும் டீயோடு நின்றாள். "எங்க ஆளுகளுக்கு மிஷின் டீ ஒத்துக்காதுங்க" என்று காலையில் ராஜ்கமலை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பி வைத்தவள்.

அவள் இருமினாள்.

செங்கோட்டையன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "ஏப்பா தவசி, இருமற ஆளுக்கெல்லாம் வெறும் டீயா குடுப்பே? பால்ல மொளகைத் தட்டிப் போட்டுக் குடுத்தா உன்ற சொத்தா போயிரும்?" என்றார்.

அவளும் தவசியையே பார்த்தாள். "தவசியண்ணா, சுகர் இருக்கறவங்களுக்குத் தேங்கா பன் விக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

செங்கோட்டையன் கையிலிருந்த பன்னைச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தார். தவசி இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் பாலை ஆற்றப் போனான்.

எதிரும் புதிருமான கம்பெனிகள். குத்தலுக்குக் கேட்கவா வேண்டும்? ராஜ்கமலுக்குப் பொறி தட்டியது. செங்கோட்டையன் காதருகே குனிந்தான்.

"அந்த மேடமும் மிஷின் வேண்டாம்னுட்டாங்கய்யா. நீங்க முந்திக்கிட்டீங்கன்னா இந்த ரோட்டுலயே நீங்கதான் ஃபர்ஸ்ட்."

"அந்தம்மணியும் வேண்டாம்னுருச்சுங்களா?" அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது.

அதற்குள் ராஜ்கமலின் போன் அடித்தது. மேனேஜரின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. "ஆர்டர் இருக்கா, இல்லையா? இல்லேன்னா ஐ.டி. கார்டைக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இரு!"

பேக்கரியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ராஜ்கமல் சிரிக்க முயன்றான், வாய் ஒத்துழைக்கவில்லை.

"ஊட்டுல ஆரெல்லாம் இருக்கறாங்க?" என்றார் செங்கோட்டையன்.

"அம்மா, தங்கச்சிங்க. எஞ்சம்பளந்தானுங்க..."

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டினார். "கொண்டாங்க பேப்பரை. என்ற ஒரு டீக்காக இன்னொருத்தர் பொழப்புப் போகக் கூடாது."

கையெழுத்துப் போட்டார். பேனா ஒரு முறை தயங்கியது. மீதி டீயைக் குடிக்காமல், திரும்பியும் பார்க்காமல் ரோட்டைத் தாண்டிப் போனார்.

தேஜஸ்ரீ பக்கத்தில் வந்தாள். "கையெழுத்துப் போட்டுட்டாருங்களா?"

"ஆமாங்க மேடம்!" ராஜ்கமலுக்குத் தரையில் கால் பாவவில்லை. "நாளன்னைக்கே மிஷின் எறங்குதுங்க. உங்க போட்டிக் கம்பெனியே வெச்சாச்சு. நீங்களும் ஒண்ணு..."

"போட்டியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவரு எங்கப்பா."

அவள் கிளாஸை மெல்லக் கீழே வைத்தாள்.

"நானாப் பாத்து ஒருத்தரக் கட்டிக்கிட்டேன்னு, இனி உன்ற மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு ஊரு முன்னால சொல்லிட்டாருங்க. சொன்ன சொல்ல மாத்திக்க மாட்டாரு. டீ குடிக்கப் போறேன்னா மட்டும் ஆரும் எதுவும் கேக்க மாட்டாங்கல்ல? கம்பெனிக்குள்ளயே மிஷினை வெச்சுக்கிட்டு, இனி என்ன சாக்குச் சொல்லிட்டு இங்க வருவாரு?"

போன் மறுபடி அடித்தது.

"ஆர்டர் கெடைக்கலீங்க சார்," என்றான் ராஜ்கமல். கையெழுத்துப் போட்ட தாள் அதற்குள் நாலு துண்டாகத் தவசியின் குப்பைக் கூடையில் கிடந்தது.