வெறுந்தரை

ஆஸ்பத்திரிக் கூடத்தில் வட்டமாக ஆறு நாற்காலிகள், ஆறு நோயாளிகள். ஜன்னல் வெயில் ஒவ்வொரு காலின் தழும்பிலும் ஏறி இறங்குகிறது. பயிற்சியாளர் எண்ண எண்ண, எல்லோரும் பாதத்தை மெல்ல அழுத்தி எடுக்கிறார்கள். சித்ராதேவியின் வலது பாதத்துக்கு மட்டும் பொறுமையில்லை. பனியன் கம்பெனி வேன் கவிழ்ந்து முறிந்த கால் அது. திங்கட்கிழமை ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பெடலை மிதிக்கிற வேகத்திலேயே அடிக்கிறது. “மெதுவாம்மா, இங்கேயும் பீஸ் தைக்கிறீங்களா?” என்று பயிற்சியாளர் கேட்க, கூடமே சிரிக்கிறது. முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அவளுடைய கம்பெனி முதலாளியின் தாயார் குழந்தையம்மாள் பரிவோடு சாய்கிறார். “ஏங்கண்ணு அவசரப்படறே? உன்ற மெஷினுக்கு வேற புள்ளைய வெச்சாச்சு. நல்லா ரெஸ்ட் எடு சாமி.” “சரிங்கம்மா.” “பத்து, போதும்,” என்று பயிற்சியாளர் கைதட்டுகிறார். மற்றக் கால்கள் ஓய்கின்றன. சித்ராதேவியின் பாதம் இன்னும் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே இருக்கிறது.